மரக்காணத்துக்கு எதிரே ஓடும் ஆறு

மரக்காணத்து உப்பளங்களில் பொங்கல் முடிந்த கையோடு பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கிவிடும். கழியிலிருந்து ஏற்றும் நீர் முதல் பாத்தியில் 3 டிகிரி சொச்சம் காட்டும். வெயில் குடிக்கக் குடிக்க, பாத்திக்குப் பாத்தி மாறிப் போகையில் அது 10, 15, 20 என்று ஏறும். 25ஐத் தொட்டால் உப்பு விழும். 30ஐ நெருங்கினால் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கசப்புச் சேர்ந்து சரக்கு கெட்டுப்போகும். இந்த டிகிரிக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. இது நீரின் கனம். கண்ணாடிக் குழாய் மிதவை ஒன்றை நீரில் விட்டு, அது எவ்வளவு தூரம் மேலெழும்பி நிற்கிறது என்று பார்ப்பார்கள். நடுவில் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால், மேலே நிற்கும் நல்ல தண்ணீரை மெல்ல வடித்துவிடலாம். அடியில் கிடக்கும் கனத்த நீர் பெரும்பாலும் தப்பிக்கும். இரண்டும் அவ்வளவு சுலபத்தில் கலப்பதில்லை.

கடலைப் பற்றிப் படிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நீரில் கனத்த நீர், இலேசான நீர் என்று உண்டு. கனம் வருவது இரண்டு வழியில்: உப்பு ஏறினால் கனக்கும், குளிர்ந்தாலும் கனக்கும். கனத்தது கீழே போகும். அப்புறம் கீழேயே நெடுந்தொலைவு போகும். காற்று தள்ளும் மேலோட்டங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பெருங்கடல்களின் ஆழத்தில் நடக்கும் போக்குவரத்து இந்தச் சிறு வித்தியாசத்தில் தொடங்கித்தான் நடக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. அதில் ஒன்றிரண்டு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அந்த நீரின் போக்கே மாறிவிடும்.

இதை எழுத மரக்காணத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திண்டிவனம் 35 கிலோமீட்டர் அளவில்தான். இந்தச் சிறு இடைவெளிக்குள் மழைக்காக வானத்தைப் பார்க்கும் விவசாயி ஒருவர் இருக்கிறார். மழை வந்தால் பிழைப்புப் போய்விடும் உப்பளத் தொழிலாளி ஒருவர். மழையோ வெயிலோ, கடலுக்குள் என்ன நீர் ஓடுகிறது என்பதே கவலையாக உள்ள மீனவர் ஒருவர். மூவரும் ஒரே பேருந்தில் போகிறவர்கள். பழைய ஓய்மாநாடு இதுதான். திண்டிவனத்தின் கிடங்கில் என்ற பகுதி அதன் தலைநகராக இருந்தது. சிறுபாணாற்றுப்படை அரசன் நல்லியக்கோடனின் நாட்டை நெய்தலில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர் என்று ஊர் ஊராகக் கடக்கிறது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கரையில் இத்தனை திணை பிரித்தவர்கள் கடலுக்கு ஒரே திணையோடு நிறுத்திக்கொண்டார்கள். குற்றமில்லை. கடலுக்குள் இருக்கும் எல்லைகள் மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

கொஞ்சம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. கழுவெளி. வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கும் இந்த ஈரநிலத்தை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர் சொச்சம். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே உள்ள ஏரிகள் நிறைந்து கலங்கல் வழிந்தால் அந்த நீரில் ஒரு பங்கு கழுவெளிக்கு வந்து சேர்கிறது. உப்புக்கல்லி ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் அடியிலேயும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகும். கடலில் பொரித்த வெள்ளை இறாலின் குஞ்சு இந்த உவர்நீருக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் கடலுக்குத் திரும்பும். மடவைக் குஞ்சும் அப்படியே. முழுக்க நல்ல தண்ணீரானால் அவை வராது. முழுக்கக் கடல்நீரானால் வந்து பயனில்லை. பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் அங்கே உணவு கிடைப்பது இரண்டு நீரும் சந்திக்கிற அந்த நிலையற்ற விளிம்பில்தான்.

இனி கடலுக்குள் போகலாம்.

1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் மூடி போட்ட வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கினார். மேலே சுடச்சுட வெயில். வாளியில் வந்த நீரோ குளுகுளுவென்று இருந்தது. அதை வைத்து மதுவைக் குளிர வைத்துக்கொண்டதாகவும் குளித்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். அது அடிமைகளை ஏற்றும் கப்பல். கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் குளிர்ந்த நீர் கிடைத்திருக்காது. அறிவியல் வரலாற்றில் இப்படி இரண்டும் ஒரே கப்பலில் வருவதுண்டு. அந்த நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்ட் என்ற அறிவியலாளர் இதன் பொருளைச் சொன்னார்: வெப்ப மண்டலத்துக் கடலின் அடியில் இவ்வளவு குளிர்ந்த நீர் தானாக உண்டாக வழியில்லை, துருவப் பகுதியில் குளிர்ந்து மூழ்கிய நீர் அடிவழியாக இங்கே வந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது சரி. கடல்நீர் தன் சூட்டையும் உப்பையும் பெற்றுக்கொள்வது மேற்பரப்பில், வானத்தோடு தொடர்பில் இருக்கும்போது. அங்கே வெயில் காய்கிறது, மழை விழுகிறது, காற்று ஈரத்தை எடுத்துப் போகிறது, பனி உறைகிறது. ஒரு தடவை மூழ்கிவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. அதன் பிறகு இன்னொரு நீரோடு கலந்தால் ஒழிய அந்த இரண்டு எண்ணும் மாறாது. 1916இல் நார்வேக்காரரான ஹெல்லாண்ட்-ஹான்சென் சூட்டை ஒரு பக்கமும் உப்பை ஒரு பக்கமும் வைத்துக் கோடு போட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டு வந்தார். எந்த ஆழத்தில் அள்ளிய நீரானாலும் அந்தப் படத்தில் புள்ளி வைத்தால் அது எந்தக் கடலின் மேற்பரப்பிலிருந்து புறப்பட்டது என்று சொல்லிவிடலாம். இப்படிப் பிறந்த ஊர் தெரிகிற நீரைத்தான் நீர்த்திரள் என்கிறார்கள்.

சரி, வங்கக்கடலின் அடிநீருக்கு எது ஊர்? மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அங்கே 2 டிகிரி அளவில்தான் வெப்பம் இருக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் கால் நனைக்கிற எவருக்கும் நம்பக் கஷ்டமாயிருக்கும். அந்தக் குளிர் அண்டார்டிகாவின் விளிம்பில் சேர்ந்தது. அங்கே வெட்டல் கடல், ராஸ் கடல் போன்ற இடங்களில் கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பைச் சேர்த்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிடுகிறது. மிச்ச நீர் குளிர்ந்தும் உப்பேறியும் கனத்து, கண்டத்தின் சரிவில் வழிந்து கடலடியை அடைகிறது. வேறு குளிர்நீர்களோடு கலந்தபடி வடக்கே ஊர்ந்து வர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மூழ்கும்போது காற்றிலிருந்து கரைத்துக்கொண்ட ஆக்ஸிஜன்தான் வழிச் செலவுக்கு. ஆழத்தில் வாழும் புழுவும் மீனும் நண்டும் அதைத்தான் மூச்சாக வாங்குகின்றன. போகப் போகக் குறையும். நடுவில் நிரப்பிக்கொள்ள இடமில்லை.

வங்கக்கடல் தனக்கென்று ஆழ்நீர் எதையும் உண்டாக்கிக்கொள்வதில்லை. வடக்கே ஆசியக் கண்டம் அடைத்து நிற்பதால், நீர் குளிர்ந்து மூழ்கத் தக்க துருவப்பக்கம் இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கில் கிடையாது. அரபிக்கடலுக்காவது பக்கத்தில் இரண்டு பெரிய உப்பளங்கள் உண்டு என்று சொல்லலாம்: செங்கடலும் பாரசீக வளைகுடாவும். கொளுத்தும் வெயிலில் அங்கே நீர் ஆவியாகி, மரக்காணத்துப் பாத்தியில் நடப்பதே பேரளவில் நடந்து, உப்பேறிய நீர் கனத்து வாசல் வழியாக வெளியேறி அரபிக்கடலின் நடு ஆழங்களில் பரவுகிறது. அதில் சிறு பங்கு இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக்கடலின் தென்பகுதிக்கும் வந்து, மூச்சு முட்டும் ஆழத்தில் கொஞ்சம் ஆக்ஸிஜனைச் சேர்ப்பதை 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகள் நிறைய. அங்கிருந்து வருவது பணம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

ஏன் இந்தக் கடலில் நீர் மூழ்குவதில்லை என்பதற்கு வடக்கே நிலம் இருப்பது பாதிக் காரணம். மறுபாதி மழையும் ஆறும். வங்கக்கடலில் ஆவியாகிப் போவதைவிட மழையாக விழுவது அதிகம், அரபிக்கடலில் தலைகீழ். போதாததற்குக் கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி கன மீட்டர் நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நம் கணக்கில் 35,000 டி.எம்.சி. மேட்டூர் அணை 370 தடவைக்கு மேல் நிரம்பும். ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இதற்கு மேல். அரபிக்கடலின் மேல்நீரில் கிலோவுக்கு 36 கிராம் உப்பு என்றால், வடக்கு வங்கக்கடலில் மழைக்காலம் முடிகையில் 30க்கும் கீழே இறங்கிவிடும். இந்த இலேசான நீர் கடல்மேல் ஒரு மூடியாகக் கிடக்கிறது. சில இடங்களில் பத்து மீட்டர் தடிமன்கூட இராது. அதற்குக் கீழே உள்ள கனத்த நீரை மேலே கொண்டுவரக் காற்று எவ்வளவு கலக்கினாலும் போதுவதில்லை. மார்கழியில் வடக்கே ஒரு விசித்திரம் நடக்கும்: மேல்நீர் குளிர்ந்திருக்க, அதன் கீழே உள்ள நீர் அதைவிடச் சூடாக இருக்கும். சூடான நீர் மேலே வர வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அங்கே உப்பு அதைக் கீழேயே அமுக்கி வைத்திருக்கிறது.

அந்த நல்ல தண்ணீர் வடக்கிலேயே நின்றுவிடுவதும் இல்லை. இதைக் கண்டறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2005 மே மாதத்திலிருந்து இந்தியக் கடற்கரையில் எட்டு இடங்களில் மீனவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. 5 நாளுக்கு ஒரு தடவை முழங்கால் ஆழத்தில் இறங்கி ஒரு புட்டியில் கடல்நீரை எடுத்து வைக்க வேண்டும்; அவ்வளவுதான். கப்பல் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். கரையோரத்து நீர் வெளிக்கடலைக் காட்டுமா என்ற சந்தேகம் எழுந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், காட்டியது. பல ஆண்டுப் புட்டிகளை அளந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில் படம் தெளிவாகிவிட்டது. தென்மேற்குப் பருவமழை முடியும்போது வடக்குக் கரையில் உப்பு கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் இறங்குகிறது. அந்த இறக்கம் கரையை ஒட்டி 100 கிலோமீட்டர் அகலப் பட்டையாகத் தெற்கு நோக்கி நகர்ந்து, இரண்டரை மாதத்தில் இந்தியாவின் தென்முனையை எட்டுகிறது. கடலுக்குள் ஓர் ஆறு என்று கட்டுரையின் தலைப்பே சொன்னது. ஐப்பசிக்குப் பிறகு கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு முகமாகத் திரும்புவதுதான் அதன் ஓட்டம். இந்த ஆறு தெற்கே போகும் வழியில் மரக்காணத்தைக் கடக்காமல் போக முடியாது. அந்தப் பக்கத்து மீனவர்கள் நீரோட்டத்தை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். வெள்ளம் எந்தப் பக்கம் போகிறது, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பார்த்துத்தான் வலை இறக்குவார்கள். ஆறு ஓடுகிறது என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் பெரிய ஆச்சரியம் காட்ட மாட்டார்கள்.

மூடி போட்ட கடலில் என்ன நடக்கிறது? வெயிலின் சூடு மெல்லிய மேல்நீருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கீழே உள்ள குளிர்நீர் வந்து அதை ஆற்றுவதில்லை. மேற்பரப்பு 28 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்கள்தான் அதிகம். அந்த வெப்பத்துக்கு மேலே போனால் கடல்மேல் பெரும் மேகத்திரள் எழுவது எளிதாகிறது என்பதை 1984இலேயே இந்திய வானிலை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருந்தார்கள். அரபிக்கடலில் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் கீழ்நீர் கலந்து மேல்நீர் குளிர்ந்துவிடுகிறது. வங்கக்கடல் குளிர்வதில்லை, தாழ்வு மண்டலத்துக்கு மேல் தாழ்வு மண்டலமாக மழையைக் கிளப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த மழை ஆறாகி மறுபடியும் கடலில் விழுந்து மூடியைப் புதுப்பிக்கிறது. சுற்று முடிந்தது. 2016 ஜூன், ஜூலையில் சிந்து சாதனா கப்பலில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தெற்கு வங்கக்கடலில் நின்று பார்த்தது இரு கடல்களின் கொடுக்கல் வாங்கலைத்தான். அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீர் இலங்கைக்குக் கிழக்கே வந்து, வங்கக்கடலின் இலேசான நீருக்கு அடியில் நுழைந்து போவதை அவர்கள் மீட்டர் மீட்டராக அளந்தார்கள்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்தச் சூடு எப்படி வந்து சேரும் என்பதை 2024 நவம்பர் 30 காட்டியது. ஃபெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, நகராமல் நின்றுவிட்டது. அதை இழுத்துப் போக வேண்டிய மேலடுக்குக் காற்று அன்று பலவீனம். நின்றதற்குக் கடல் பொறுப்பில்லை. ஆனால் நின்ற இடத்தில் கொட்டித் தீர்க்க ஈரம் கொடுத்தது கடல்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதில் ஏறத்தாழ பாதி. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் தேதி விடியலில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை அரசூர்ப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையின் மேல் ஏறியது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை நீர் தொட்டதால் வண்டிகள் நின்றன. மரக்காணத்து உப்பளங்கள் நீருக்குள் போயின. மழையே இல்லாமலும் இந்த மாவட்டம் வாழ முடியாது. ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த வடகிழக்குப் பருவத்தில், இப்படிப்பட்ட தாழ்வு மண்டலங்களின் கையால்தான் வருகிறது. புயல் வராத ஆண்டுகளில் ஏரிகள் நிரம்புவதில்லை.

இப்போது மீனவர் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். கடலில் செத்து விழும் எதுவும் கீழே போய் மக்குகிறது. ஆகவே உரச்சத்தெல்லாம் ஆழத்தில் சேர்கிறது. வெளிச்சம் மேலே. நுண்பாசிக்கு இரண்டும் வேண்டும். கீழ்நீர் மேலே ஏறும் இடத்தில்தான் கடல் பச்சையாகிறது, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்ன மத்தியும் நெத்திலியும் கூட்டமாக வருகின்றன. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கேரளக் கரையிலும் ஓமன் கரையிலும் நடப்பது அதுதான். நம் பக்கத்திலும் அந்த மாதங்களில் காற்று கரைக்கு இணையாக வீசி மேல்நீரை வெளியே தள்ளும். கொஞ்சம் குளிர்ந்த நீர் ஏறவும் செய்யும். மேற்குக் கரையில் நடக்கும் அளவுக்கு நடப்பதில்லை, காரணம் அதே மூடி. 2002இல் கோவா ஆய்வாளர்கள் வங்கக்கடல் ஏன் அரபிக்கடலைவிட மெலிந்த கடலாக இருக்கிறது என்ற கேள்விக்குக் கொடுத்த விடையும் அதுவே: மேல்நீரின் இலேசு. கண்டத்திட்டின் அகலம், படகுகளின் எண்ணிக்கை என்று மீன்பிடிக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. அடிப்படையில் இந்தக் கடலின் வயல் உரம் எட்டாத வயல்.

மூச்சுக் கணக்கும் இப்படித்தான். மேலே உள்ள ஆக்ஸிஜன் மூடியைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. 100 மீட்டர் சொச்சத்திலிருந்து 600 மீட்டர் வரை வங்கக்கடலில் ஆக்ஸிஜன் இருப்பதும் இல்லாததும் ஒன்று. சூரை மீன் ஓயாமல் நீந்துகிற மீன். அதற்கு நிறைய மூச்சு வேண்டும். அது மேலடுக்கிலேயே நெருக்கியடித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், அதனால் தூண்டிலுக்கு எளிதாக அகப்படும். கடலில் சூரை மிகுந்திருக்கிறது என்று நாமும் ஏமாறலாம். அரபிக்கடலில் இந்த நடு ஆழத்து நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை முழுவதும் தீர்த்துவிட்டு நைட்ரேட்டை உடைத்துச் சுவாசித்து, உரச்சத்தான நைட்ரஜனை வாயுவாக ஓட்டிவிடுகின்றன. வங்கக்கடலில் மிஞ்சியிருக்கும் துளி ஆக்ஸிஜன் அதைத் தடுத்து நிறுத்துகிறது என்று 2017இல் ஓர் ஆய்வுக் குழு கண்டது. துளி என்றால் நிஜமாகவே துளி. சாதாரணக் கருவிகளுக்குத் தட்டுப்படாத அளவு. இந்தக் கடல் விளிம்பில் நிற்கிறது.

இவை அனைத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிகிறது. திண்டிவனத்து விவசாயிக்கு மழையைக் கொண்டுவரும் சூட்டைக் காத்து வைப்பதும், மரக்காணத்து மீனவரின் வலைக்கு வர வேண்டிய உரத்தைக் கீழே பூட்டி வைப்பதும் ஒன்றேதான்: ஒரு கிலோவில் சில கிராம் குறைந்த உப்பு. இதைப் பாதியாகப் பிரித்து நல்லதை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. கடல் கொடுக்கிறது, கடல் எடுக்கிறது என்று கரையில் சொல்வார்கள். கொடுப்பது ஒரு நாள், எடுப்பது இன்னொரு நாள் என்று அதைப் புரிந்துகொள்கிறோம். வங்கக்கடலில் கொடுப்பதும் எடுப்பதும் ஒரே நேரத்தில், ஒரே கையால் நடக்கின்றன. வாங்குபவர் ஒருவர், இழப்பவர் மற்றொருவர், நடுவே 35 கிலோமீட்டர். மூடியை அவ்வப்போது உடைப்பதும் யார் என்று பார்த்தால், அந்த மூடியால் வளர்ந்த புயல்தான். புயல் போன தடத்தில் சில நாள் கழித்துக் கடல்நீர் பச்சை பூத்திருப்பதைச் செயற்கைக்கோள்கள் பல தடவை படம் பிடித்திருக்கின்றன. பெரும் நீர்ச்சுழிகளும் ஆங்காங்கே கீழ்நீரை மேலே ஏற்றுகின்றன. நன்மையும் கேடும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக நினைத்தே வாழப் பழகிய மனதுக்கு இது கொஞ்சம் சிரமமான பாடம். எனக்கும் சிரமமாகத்தான் இருக்கிறது.

இந்த மூடி ஆதி முதல் இருந்ததும் அல்ல. அதற்குச் சாட்சி விழுப்புரம் மாவட்டத்து மண்ணிலேயே கிடக்கிறது. வானூர்ப் பக்கம் வழுதாவூரைச் சுற்றி உள்ள பாறைகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முன் கடலடியாக இருந்தவை. சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள், சிப்பிகள், சங்குகள் அவற்றில் பதிந்திருக்கின்றன. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரிச் சுற்றுப்புறத்தில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். அந்தப் பாறைகள் கடலடியாக இருந்த காலத்தில் இந்தியா தனித் தீவாகத் தெற்கே எங்கோ மிதந்துகொண்டிருந்தது. இமயமலை கிடையாது. கங்கை, பிரம்மபுத்திரா கிடையாது. ஆகவே இன்று போல் நல்ல தண்ணீர் மூடிய கடலும் கிடையாது. கடலுயிர்களின் ஓட்டில் உள்ள ஆக்ஸிஜன் வகைகளை அளந்தால் அவை வளர்ந்த நீரின் சூட்டைக் கணிக்கலாம் என்று 1947இல் ஹெரால்ட் யூரி சொன்ன வழி இன்று எல்லாக் கடல்களுக்கும் பொருந்துகிறது. நீர் போய்விட்டாலும் அதன் குணம் ஓட்டில் எழுதப்பட்டிருக்கும். இந்தியா வந்து ஆசியாவில் மோதி, மலை எழுந்து, மலையில் மழை மோதி, அந்த நீரும் மண்ணும் வங்கக்கடலை நிரப்பத் தொடங்கிய பிறகுதான் நாம் அறிந்த கடல் உருவாயிற்று. மரக்காணத்து மீனவருக்கு இமயமலை அண்டை வீட்டுக்காரர் மாதிரி. பார்த்ததில்லை, ஆனால் தினமும் அதனோடு கணக்கு இருக்கிறது.

கடல் சூடாகிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் மூடி இன்னும் இறுகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. சூடான மேல்நீர் மேலும் இலேசாகும். அண்டார்டிகாவில் பனி உருகி நல்ல தண்ணீர் கலப்பதால் அங்கே மூழ்கும் கனநீர் குறைந்து வருவதை அளவுகள் காட்டுகின்றன. அங்கே மூழ்காத நீரின் பற்றாக்குறை நம் ஆழத்தில் தெரிய இன்னும் நெடுங்காலம் ஆகும். பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீட்டர் வரை போய் வரும் ஆர்கோ மிதவைகள் உலகெங்கும் 4,000 அளவில் சூட்டையும் உப்பையும் அளந்து அனுப்புகின்றன. இந்தியாவின் பங்கை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் பார்த்துக்கொள்கிறது. அவற்றில் பெரும்பாலானவை எட்டாத ஆழத்தில்தான் பழைய நீர் இருக்கிறது.

இங்கே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. செய்யாமலிருக்கக் கூடியது என்றும் சொல்லலாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடலில் வீணாகக் கலக்கும் நீர் என்று செய்தி வரும், மேடைகளில் பேசுவார்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணையைப் பற்றியும் பேசினார்கள். ஏரியைத் தூர்வாரி, கலங்கலைச் செப்பனிட்டு, அந்த நீரில் ஒரு பங்கைத் திண்டிவனத்திலும் வானூரிலும் நிறுத்தினால் நல்லதே. கழுவெளியின் இறாலுக்குப் போதுமான நீரை விட்டுவைத்தால் போதும்; தென்பெண்ணையின் நீரை வங்கக்கடல் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. வடக்கே உள்ள பேராறுகளைத் திருப்புவது அப்படி அல்ல. 2006இல் கரன்ட் சயின்ஸ் இதழில் நிலவியலாளர்களும் கடலியலாளர்களும் வானிலையாளர்களும் சேர்ந்து ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். நதிகளை இணைத்து வங்கக்கடலுக்குப் போகும் நல்ல தண்ணீரைப் பெருமளவு குறைத்தால், மேல்நீரின் உப்பு ஏறி, மூடி தளர்ந்து, கடல் குளிர்ந்து, பருவமழையே பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தார்கள். மழை போதவில்லை என்று ஆற்றை மறித்தால் மழை இன்னும் குறையக்கூடும் என்பது அதன் சாரம். மூடி தளர்ந்தால் மீனுக்கு நல்லதுதானே என்று மரக்காணத்தில் ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. எவ்வளவு நீர் குறைந்தால் எவ்வளவு மழை குறையும் என்று அந்தக் குறிப்பு கணக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. திட்ட அறிக்கைகளோ அதைக் கேட்பதே இல்லை. அவற்றில் நீர் முகத்துவாரத்தோடு முடிந்துவிடுகிறது. பிரம்மபுத்திராவின் நீர் முகத்துவாரத்தைத் தாண்டி, கார்த்திகையில் மரக்காணம் அருகே எக்கியர்குப்பத்துப் படகுகளுக்கு அடியில் தெற்கே போய்க்கொண்டிருக்கும்போதும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.